புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்த போத்தல்

பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டு, ஆவணி மாதம். வேலணைத் தீவின் சரவணையில் எங்கள் வீடு. நாடு முழுவதும் ஊரடங்கு. பல்கலைக்கழகம் பூட்டப்பட்டிருந்ததால் மாணவியான என் இலக்கிய விரிவுரைகள் அனைத்தும் கைத்தொலைபேசியின் சிறு திரைக்குள் ஒடுங்கியிருந்தன. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பகல் முழுவதும் பனைகளை உலுப்பிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதுகிறேன். அம்மாவைத் தவிர வேறு எவரிடமும் இதை முழுமையாகச் சொன்னதில்லை.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் தென்னிலங்கையின் ஒரு சிறு நகரில் பலசரக்குக் கடை நடத்திவந்தார். எங்கள் தீவுக் குடும்பங்களில் இது வழமையான ஏற்பாடு. தைப்பொங்கலுக்கு வருவார், சித்திரை வருடப்பிறப்புக்கு வருவார், கோயில் திருவிழாவுக்கு வருவார். ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை. அந்த ஒரு கிழமையும் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல உற்சாகமாக இருப்பார். அவருக்கு இருமல் வந்ததையோ முழங்கால் நொந்ததையோ நாங்கள் கண்டதில்லை. அவருடைய நோய்களெல்லாம் கடையின் பின்னறையிலேயே தங்கிவிட்டன என்பதை நான் வெகுகாலம் கழித்தே விளங்கிக்கொண்டேன்.

தொற்று தொடங்கிய ஆண்டில் கடையைக் கைமாற்றிவிட்டு அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். முகம் உருண்டு பூரித்திருந்தது. கைகால்கள் மட்டும் மெலிந்திருந்தன. கதவில் இலேசாக இடித்தாலே முன்கை ஊதாநிறமாகக் கன்றியது. அம்மா முகத்தை மட்டும் பார்த்தார்.

"கடைச் சாப்பாடு உங்களை நல்லாத்தான் வைச்சிருக்கு" என்றார்.

"ஓம், அங்கை சமைக்கிறவன் வாய் திறந்து கதைக்க மாட்டான். அதுதான் உடம்பில ஒட்டினது" என்றார் அப்பா.

அம்மா அகப்பையை ஓங்க, அவர் முற்றத்துக்கு ஓடினார். நான் சிரித்தேன், ஆனால் அறைக்குள் இருந்தபடி சிரித்தேன். இருபத்திரண்டு வயது வரை ஆண்டுக்கு மூன்று கிழமைகள் மட்டுமே கண்ட ஒருவரோடு திடீரென்று எப்படிக் கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை "நீர்" என்று அழைப்பார். நானும் அவரும் ஒரே கூரையின் கீழ் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டோம்.

ஆவணி நடுவில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசல் படலையடியில் நின்று மூவரையும் பரிசோதித்தார். அப்பாவுக்கு மட்டும் தொற்று உறுதியானது. வைத்தியசாலைகள் நிரம்பியிருந்த காலம் அது. மூச்சுத் திணறாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம், வைத்தியர் ஒருவர் நாள்தோறும் தொலைபேசியில் விசாரிப்பார் என்று ஏற்பாடு. சனசமூக நிலையத்தார் விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவியை இரவல் தந்தார்கள். அப்பாவை முன்னறைக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது.

அவருடைய துணிப்பையை எடுத்து வைக்கும்போது அடியில் ஏதோ கலகலத்தது. வெள்ளை நிறப் பிளாஸ்டிக் போத்தல். உள்ளே சின்னஞ்சிறு குளிசைகள், அரைப் போத்தலுக்குக் கிட்ட. சிட்டையில் பிரெட்னிசோலோன் என்று இருந்தது. நான் அந்தப் பெயரைத் தொலைபேசியில் தேடினேன். ஸ்டீரொயிட் வகை மருந்து, உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தணிப்பது என்று வந்தது. கொரோனாவையும் அதையும் சேர்த்துத் தேடினேன். ஒரு மருத்துவக் கட்டுரை கிடைத்தது. நோய் கடுமையாகி, நுரையீரல் மிதமிஞ்சி அழற்சியுற்று, ஒட்சிசன் தேவைப்படுபவர்களுக்கு இம்மருந்து உயிர் காக்கும். நோயின் தொடக்கத்தில், மூச்சு நன்றாக இருப்பவர்களுக்கு இது பயன் தராது, தீங்கும் செய்யலாம் என்று அதில் விளக்கியிருந்தார்கள். அந்தப் பகுதியை இரண்டு முறை வாசித்தேன். கட்டுரை அதற்குக் கீழும் நீண்டு சென்றது. எனக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டதால் நிறுத்திவிட்டேன்.

போத்தலை என் அறைக்குக் கொண்டுபோய், புத்தக அலுமாரியின் இரண்டாம் தட்டில், தடித்த உரைநூல்கள் நான்கின் பின்னால் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் காலை அப்பா அழைத்தார்.

"பிள்ளை, என்ரை பையுக்குள்ள ஒரு வெள்ளைப் போத்தல் கிடந்தது. கண்டனீரோ?"

"அதை இப்ப எடுக்கக் கூடாது அப்பா. இந்த வருத்தத்தைக் கூட்டிப்போடும்."

"ஆர் சொன்னது?"

"நான் வாசிச்சுப் பாத்தனான்."

அவர் எழுந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு கடைக்காரர் ஆனார். "சரி, ரெண்டு வேண்டாம். ஒண்டு தாரும்."

"ஏலாது அப்பா."

"அரை?"

"ஏலாது."

"நீர் கடை வைச்சா ஒரு சனமும் வாசலுக்கு வராது" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எதற்காக அதை எடுக்கிறார் என்று அப்போதாவது நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இடுப்பு நோவுக்கோ எதற்கோ என்று நானே முடிவுசெய்து கொண்டேன்.

அன்று மாலை வைத்தியர் அழைத்தார். காய்ச்சல், இருமல், ஒட்சிசன் அளவு எல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, வேறு நோய் வருத்தங்கள் ஏதும் உண்டா என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா குசினியிலிருந்தே, "அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை எண்டு சொல்லு" என்றார். வழமையாகக் குளிசை ஏதும் எடுப்பவரா என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்கு ஒரு கணம் தயக்கம் இருந்தது. சொன்னால், மருந்துச் சீட்டு இல்லாத போத்தலைப் பற்றி விளக்க வேண்டும். அதைப் பறித்தது நான் என்றும் சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து அவர் எதையும் எடுக்கவில்லைத்தானே என்று மனத்துக்குள் ஒரு சமாதானம் தேடிக்கொண்டு, "இல்லை" என்றேன்.

மூன்றாம் நாள் அப்பா சாப்பாட்டை ஒதுக்கினார். நான்காம் நாள் குடித்த கஞ்சியையும் சத்தி எடுத்தார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். நெற்றியில் குளிர்ந்த வியர்வை. நான் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவர் விரலில் கருவியை மாட்டி, வந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதினேன். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து. எண் நன்றாக இருந்தது, மாலையில் அழைத்த வைத்தியரும் அதையே சொன்னார். மனிதர் நன்றாக இல்லை. பகிடி விடுவதை நிறுத்திவிட்டார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நான்காம் நாளில்தான் இன்னொன்றையும் கவனித்தேன். என் அலுமாரியின் இரண்டாம் தட்டில் ஓர் உரைநூல் தலைகீழாக நின்றது. நான் புத்தகங்களை அப்படி வைப்பதில்லை. பின்னால் கை விட்டுப் பார்த்தேன். போத்தல் இருந்தது, குளிசைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. அம்மா தூசி தட்டியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆறாம் நாள் முற்பகல் பதினொரு மணியளவில் எண் தொண்ணூற்றுக்கு இறங்கியது. அப்பா ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் மூச்சுக்காக நின்றார். உதடு கறுத்திருந்தது. அம்புலன்ஸுக்கு அழைத்தேன். அது வந்துசேர எடுத்த நாற்பது நிமிடங்களில் அம்மா அவருடைய காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய சாரங்களை மடித்துக்கொண்டிருந்தேன். வெளிக்கிடும்போது அலுமாரிக்குப் போய், புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து போத்தலை எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன். ஏன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அது தனியே வீட்டில் இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

அம்மாவை வீட்டில் விட்டு நான் மட்டும் சாரதிக்குப் பக்கத்தில் ஏறினேன். தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைத் தாம்போதியில் இருபுறமும் கடல் வெயிலில் கண்ணைக் குத்தியது. ஆழமற்ற நீரில் மீன்பிடிக் கூடுகளின் தடிகள் அசையாமல் நின்றன. சோதனைச் சாவடியில் ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். அந்த ஒரு நிமிடத்தில் பின்னாலிருந்த சிறிய கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்தேன். ஒட்சிசன் முகமூடிக்கு மேலே அவர் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கையை அரை அங்குலம் உயர்த்தி, பயப்பட வேண்டாம் என்பது போல அசைத்தார்.

யாழ்ப்பாணத்து வைத்தியசாலையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். என்னை வெளியே, ஒரு வேப்பமரத்தடிச் சீமெந்துத் திட்டில் இருக்கச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும். முழு அங்கியும் முகத்தில் கண்ணாடித் தடுப்பும் அணிந்த இளம் பெண் வைத்தியர் ஒருவர் வெளியே வந்து, பத்தடி தள்ளி நின்றார்.

"சரவணையிலயிருந்து வந்தவரின்ரை மகளோ?"

"ஓம் டொக்டர்."

"ஒட்சிசன் குடுத்திருக்கிறம். அது கொஞ்சம் ஏறுது. ஆனா பிறசர் விழுந்துபோய்க் கிடக்கு. ரெண்டு போத்தல் சேலைன் ஏத்தியும் எழும்புதில்லை. எனக்கு இது பொருந்தேல்லை. எதையோ தவற விடுறம். இவர் முந்தி ஏதாவது குளிசை பாவிச்சவரோ? பத்திரத்தில ஒண்டுமில்லை எண்டு கிடக்குது."

அந்த "ஒண்டுமில்லை" என் வாயிலிருந்து போனது. தொலைபேசி வழியாகப் போய், எவரோ ஒருவரின் கையால் எழுதப்பட்டு, இப்போது அப்பாவின் கட்டில் தலைமாட்டில் ஓர் உண்மையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இன்னொரு முறை சொல்லிவிட்டால் எவரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அந்த எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் இந்த அனுபவத்தைச் சொல்வதில் அர்த்தமில்லை. வைத்தியர் கையுறையைச் சரிசெய்துகொண்டு திரும்பத் தொடங்கினார்.

நான் எழுந்து பையைத் திறந்து போத்தலை நீட்டினேன். 

அவர் பத்தடியை மறந்து கிட்ட வந்து சிட்டையை வாசித்தார். "எவ்வளவு காலமா எடுக்கிறார்?"

"தெரியாது."

"எப்ப நிப்பாட்டினவர்?"

"ஆறு நாள். அவர் நிப்பாட்டேல்லை, டொக்டர். நான்தான் எடுத்து ஒளிச்சனான்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தையும் ஏசவில்லை. போத்தலோடு உள்ளே ஓடினார். ஓடும்போதே யாருக்கோ உரத்த குரலில் ஓர் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். கதவு மூடிய பிறகும் அந்தக் குரல் கேட்டது.

சில நிமிடங்களில் தாதி ஒருவர் கதவிடுக்கால் தலை நீட்டி, எவ்வளவு காலம், நாளுக்கு எத்தனை என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டார். அம்மாவை அழைத்தேன். "என்ன குளிசை? அவருக்கு என்னத்துக்குக் குளிசை?" என்றார். நான் போத்தலைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "இருவத்தைஞ்சு வருசம். எனக்கு ஒரு தும்மலைக் கூடச் சொல்லேல்லை" என்று அழுதார். அந்த அழுகைக்கு நடுவிலும் பழைய கொப்பியொன்றைத் தேடி, கடைக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் இலக்கத்தை வாசித்தார்.

அந்த மருந்துக்கடைக்காரரை அழைத்தேன். அவர் சிங்களவர், அப்பாவின் நெருங்கிய சிநேகிதர் என்பது அவர் பதறிய பதற்றத்திலேயே தெரிந்தது. எனக்காகத் தமிழில் பேசினார். "மகள், முதலாளிக்கு மூச்சு இழுக்கிற வருத்தம். ஏழு வருசம். நாளுக்கு ரெண்டு. முதல்ல டொக்டர் ஒரு கிழமைக்குத்தான் குடுத்தது. பிறகு நான் சொல்லியும் முதலாளி கேக்க இல்லை, தா தா எண்டு வாங்கினது. நானும் குடுத்தது, ஊருக்குப் போன பிறகும் தபால்ல அனுப்பினது. திடீர் எண்டு நிப்பாட்ட வேணாம் எண்டு மட்டும் சொல்லி இருக்கு. ஏன் மகள், நிப்பாட்டினதா?"

நன்றி கூறி அழைப்பைத் துண்டித்தேன். ஏழு ஆண்டு, நாளுக்கு இரண்டு என்று கதவிடுக்கில் சொன்னேன். பிறகு திரும்பி வந்து மரத்தடியில் இருந்து, அந்தக் கட்டுரையைத் திறந்தேன். ஆறு நாட்களுக்கு முன் நான் நிறுத்திய இடத்துக்குக் கீழே, ஒரே ஒரு பந்தி தள்ளி, வேறு நோய்க்காக இம்மருந்தை நெடுங்காலமாக எடுத்துவருபவர்கள் வைத்தியரைக் கேளாமல் அதை நிறுத்தவே கூடாது என்று எழுதியிருந்தது. தடித்த எழுத்தில் இருந்தது. ஒரு வரியை நான்கு உரைகளோடு ஒப்பிட்டு வாசிக்கப் பழகியவள் நான். அந்த வரி வரைக்கும் போக எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

வெயில் சாயும் வேளையில் வைத்தியர் மறுபடி வந்தார். பிறசர் ஏறத் தொடங்கிவிட்டது என்றார். நான் கேட்காமலேயே விளக்கினார்.

"எங்கட உடம்பு இந்த மருந்து மாதிரி ஒண்டைத் தானாகவே சுரக்கிறது. வெளியிலயிருந்து வருசக்கணக்கா வந்தா, தான் சுரக்கிறதை மறந்துபோடும். கடுமையான வருத்தம் வரேக்கை அது இன்னும் கூடத் தேவை. அந்த நேரத்தில வெளியிலயிருந்து வாறதும் நிண்டுபோச்சு. அதுதான் விழுந்தவர்."

"அப்ப நான் வாசிச்சது பிழையோ டொக்டர்?"

"வாசிச்சது சரி. வருத்தம் துவங்கின கையோட சும்மா குடுக்கிற மருந்து இல்லைத்தான். ஆனா இவரின்ரை கணக்கு வேறை. இனிப் பாருங்கோ, நுரையீரலும் அழற்சிப்பட்டு வீங்கத் துவங்கியிட்டுது. உடம்பு கிருமியை விட்டிட்டுத் தன்னையே எரிக்குது. அதை அடக்கிறதுக்கு இதே வகை மருந்தைத்தான் இப்ப கூடின அளவில குடுக்கப்போறம்." திரும்பிப் போகும்போது, "நாளைக்குத்தான் ஏதும் சொல்லலாம்" என்றார்.

அந்த "நாளைக்கு" எட்டு நாட்கள் நீண்டது. நான் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டேன். தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டிய படலைக்குள் அம்மாவும் நானும் தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். மருந்தினால் சீனி அளவு ஏறிவிட்டது, இன்சுலின் போடுகிறோம் என்று ஒரு நாள் செய்தி. குப்புறப் படுக்கவைத்திருக்கிறோம் என்று மறுநாள். இரத்தப் பரிசோதனையில் அழற்சி இன்னும் குறையவில்லை என்று அதற்கு அடுத்த நாள். அப்பாவை விழுத்தியது நான் நிறுத்திய மருந்து. எழுப்ப வேண்டியதும் அதே மருந்து. இதை அம்மாவிடம் முழுமையாகச் சொன்னது அந்த நாட்களில்தான். அம்மா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் தன்னையே ஏசிக்கொண்டார். அந்த வீங்கிய முகத்தைச் செழிப்பென்று பார்த்துச் சிரித்ததற்காக.

ஒன்பதாம் நாள் காலை வந்த அழைப்பில் வைத்தியரின் குரல் முதல் முறையாக இலேசாக இருந்தது. "ஒட்சிசனைக் குறைச்சிருக்கிறம். உங்கட அப்பா தேத்தண்ணிக்குச் சீனி கேட்டுத் தாதியோட பேரம் பேசுறார்" என்றார். அம்மா தொலைபேசியை என் கையிலிருந்து பறித்து, "ஒரு கரண்டியும் குடுக்காதேங்கோ" என்றார். பிறகுதான் அழுதார்.

மூன்றாம் கிழமை முடிவில் அவர் வீட்டுக்கு வந்தார். இம்முறை குளிசைகளுக்கு முறையான சீட்டு இருந்தது. எந்தக் கிழமை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தேதிவாரியாக எழுதியிருந்தது. முதல் நாள் பின்னேரம் அவர் முன்னறைக் கதிரையில் இருந்தபோது, நான் தண்ணீரையும் குளிசையையும் கொடுத்துவிட்டு அருகிலேயே நின்றேன். வீட்டில் நான் எவ்வளவோ ஒத்திகை பார்த்திருந்த வாக்கியம் பாதியில் உடைந்தது.

"அப்பா, போத்தலை ஒளிச்சு வைச்சது..."

"புத்தகங்களுக்குப் பின்னால" என்றார். "எனக்குத் தெரியும். நாலாம் நாள், நீங்கள் ரெண்டு பேரும் குசினிக்குள்ள நிக்கேக்கை, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து தேடி எடுத்தனான். என்ன பாரமான புத்தகங்கள். கையில வைச்சுப் பாத்திட்டுத் திருப்பி வைச்சிட்டன்."

"ஏன் அப்பா எடுக்கேல்லை?"

அவர் குளிசையை விழுங்கி, தண்ணீரைக் குடித்து முடித்தார். "நீர் வாசிச்சுப் பாத்தனான் எண்டு சொன்னனீர். நான் எங்கை வாசிச்சனான்?"

தவறான எடையை வாழ்நாளெல்லாம் தராசில் பிடித்தவர் அவர். எந்த மூட்டையையும் தானே நிறுத்துப் பாராமல் ஏற்றுக்கொண்டதில்லை என்று கடைக்காரச் சிநேகிதர்கள் சொல்வார்கள். என் சொல்லை மட்டும் அவர் நிறுத்துப் பார்க்கவில்லை.

அந்த உரைநூல் இன்றும் என் அலுமாரியில் தலைகீழாகவே நிற்கிறது. எவராவது என்னிடம் ஒன்றைக் கேட்டு, நான் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள ஆயத்தமாகும்போதெல்லாம், சுவரைப் பிடித்தபடி வந்து போத்தலைத் திருப்பி வைத்த மெலிந்த கை என் கண்முன் வருகிறது. அப்போது ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு, இதில் எனக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.